ஈரான், யப்பான் படங்கள்: எதிலையிருந்து தொடங்கலாம்? சப்டைட்டில் பிரச்சினைக்கு என்ன வழி?

கொக்குவில் ரசிகன்:

எல்லாருக்கும் வணக்கம். தியேட்டரில வாற தமிழ்ப் படங்களைப் பாக்கிற சாதாரண ரசிகன் நான். இப்ப வெளிநாட்டு நாடகப் படங்களில ஆர்வம் வந்திருக்கு. ஆனால் கன படங்கள் முடிவு சொல்லாமல் சட்டெண்டு நிண்டுபோகுது. எந்தப் படத்திலையிருந்து தொடங்கினால் பிடிபடும்? இங்கிலிஷ் வாசிக்காத அம்மாவும் கூட இருந்து பாக்கக்கூடிய மாதிரி இருந்தால் நல்லது.

அடுத்தது, சப்டைட்டில் தொடக்கத்தில சரியா வரும், போகப்போக வசனத்துக்கு முந்தி ஓடுது. கனடாவிலையிருந்து வந்த டிவிடியும் இங்கத்தைப் பிளேயரில எடுக்குதில்லை. எங்கடை வாசிகசாலையில மாதம் ஒருக்கா 30 பேருக்குப் படம் போடுற யோசனையும் இருக்கு. விபரம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பனங்கூடல்:

முதல்ல முடிவைப் பற்றிச் சொல்லுறன், ஏனெண்டால் புதுசாப் பாக்கிற ஆக்கள் இந்தப் படங்களைக் கைவிடுறது பெரும்பாலும் அதாலதான். இவை ஒரு கேள்வியோட தொடங்கும். பாதி வழியில அந்தக் கேள்வி வேறொண்டா மாறிப்போகும். படம் பதில் சொல்லுறது இரண்டாவது கேள்விக்கு. இத்தாலியின் ‘சைக்கிள் திருடர்கள்’ (1948, 89 நிமிடம்) படத்தை எடுங்கோ. சைக்கிள் கிடைக்குமா எண்டுதான் தொடங்குது. கடைசிக் காட்சிக்கு வரேக்கை, தகப்பனை இனி மகன் எப்பிடிப் பாக்கப் போறான் எண்டதுதான் கேள்வி. அதுக்குப் பதில் வடிவா இருக்கு. சைக்கிளையே தேடிக்கொண்டிருக்கிற ஆளுக்குப் படம் அரைகுறையா முடிஞ்ச மாதிரித்தான் தெரியும்.

அம்மாவோட பாக்கிறதுக்கு கியாரோஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே?’ (ஈரான், 1987, 83 நிமிடம்). கதையை முதலே இப்பிடிச் சொல்லிவிடுங்கோ: பக்கத்தில இருக்கிற பெடியன்ரை கொப்பியை ஒருத்தன் மாறிக் கொண்டுவந்திட்டான், நாளைக்கு அந்தக் கொப்பியில வீட்டுவேலை செய்யாட்டி அந்தப் பெடியனைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிப் போடுவினம். இவ்வளவும் தெரிஞ்சால் சப்டைட்டில் இல்லாமலே முக்கால்வாசி விளங்கும். தாய் உடுப்புத் தோய்க்கிற கையோட மகன் சொல்லுறதைக் காதில போடாதது, பேரன் சொல்லுக் கேக்கிறானோ எண்டு பாக்கிறதுக்காகவே பாட்டன் அவனைச் சிகரெட் எடுத்துவர அனுப்புறது, இதுகளுக்கு எங்கடை ஆக்களுக்கு விளக்கம் தேவையில்லை. அவன் திரும்பத் திரும்ப அதே மலைப்பாதையில ஓடுவான். அது நேரத்தை இழுக்கிறதுக்கு வைச்ச காட்சி இல்லை. ஒவ்வொருக்காலும் வெளிச்சம் எவ்வளவு குறைஞ்சிருக்கு எண்டதைக் கவனியுங்கோ, பதற்றம் முழுக்க அதுக்குள்ளைதான் இருக்கு.

மூண்டாவதா ஃபர்ஹாதியின் ‘ஒரு பிரிவு’ (ஈரான், 2011, 123 நிமிடம்). துப்பறியும் படம் மாதிரி இழுத்துக்கொண்டு போகும், ஆனால் வசனம் கூட, இதை அம்மாவுக்கு வைக்காதேங்கோ. ஒரு முக்கியமான சம்பவத்தைக் காட்டாமல் இயக்குநர் அடுத்த காட்சிக்கு வெட்டிப்போடுவார். எங்கை வெட்டினவர் எண்டதைக் கவனிக்காவிட்டால் பின்பாதியில யார் பொய் சொல்லுகினம் எண்டு தெரியாது. முதல் 40 நிமிடம் போனைத் தொடாதேங்கோ.

ஒசுவின் ‘டோக்கியோ கதை’ (யப்பான், 1953, 136 நிமிடம்) அதுக்குப் பிறகு. பட்டணத்தில இருக்கிற பிள்ளைகளைப் பாக்கப் போற வயசான தாய் தகப்பனுக்கு, அங்கை ஒருத்தருக்கும் நேரமில்லை. பாயில இருக்கிற ஆளின்ரை கண் உயரத்தில கமரா நிக்கும், அசையிறது மிக அரிது. முதல் படமா வைச்சால் நித்திரைதான் வரும், நாலாவதா வைச்சால் மனம் கனத்துப்போகும். ‘ஜான் டீல்மன்’ (1975) பக்கம் இப்ப போகவேண்டாம். 2022இல சைட் அண்ட் சவுண்ட் எண்ட பிரித்தானிய சினிமா இதழின்ரை வாக்கெடுப்பில முதலிடம் எண்டவுடனை தேடிப் பாக்கினம். 201 நிமிடம், உருளைக்கிழங்கு தோல் சீவுறதையும் முழுசா இருந்து பாக்கவேணும். பெரிய படம்தான், எண்டாலும் தொடக்கத்துக்கு உரிய படம் இல்லை.

தீவகத்தான்:

பனங்கூடல் சொன்ன படங்கள் ஒண்டையும் நான் மறுக்கேல்லை. ஆனால் வரிசையில எனக்கு உடன்பாடில்லை. புதுசாப் பாக்கிற ஆளுக்கு மெதுவான நடை ஒரு சுமை, சப்டைட்டில் இன்னொரு சுமை. இரண்டையும் ஒரே நாளில தூக்கக் குடுக்கக்கூடாது. மொழி விளங்கிற படத்தில நடையைப் பழகிப்போட்டுப் பிறகு ஈரானுக்குப் போகலாம்.

‘கூழாங்கல்’ (2021) ஒண்டேகால் மணித்தியாலம்தான், வசனமும் குறைவு. வெயில், நடை, தகப்பனின்ரை கோபம், அவ்வளவும்தான் கதை. பிறகு அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ (2012). சண்டை முடிஞ்சு ஊருக்குத் திரும்பி வாற முன்னாள் போராளி ஒருவரின்ரை கதை, எங்கடை மண்ணில எடுத்த தமிழ்ப் படம். தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’யும் (1977) யாழ்ப்பாணத்தில எடுத்ததுதான். சீதனமும் சாதியும் ஒரு வீட்டை என்ன செய்யுது எண்டதை அந்தக் காலத்திலையே சத்தம்போடாமல் சொன்ன படம், இண்டைக்கும் பாக்கலாம்.

‘தீபன்’ (2015, பிரான்ஸ்) கான் விழாவின்ரை உயர்ந்த விருதான தங்கப்பனை வாங்கினது, வசனம் பெரும்பாலும் தமிழ், எழுத்தாளர் ஷோபாசக்தி நடிச்சது. அகதிக் குடும்பமா நடிக்கிற மூண்டு பேரும் ஒரு மேசையில இருந்து சாப்பிடுற காட்சிகளுக்காக அதைப் பாக்கவேணும். கடைசிப் பகுதி வெறும் துப்பாக்கிப் படமாப் போறதை நான் ஏற்கமாட்டன். முதல் ஒண்டரை மணித்தியாலம் கட்டினதை அது குலைக்குது.

சப்டைட்டிலோட முதல் படமா பிரசன்ன விதானகேயின் சிங்களப் படம் ‘புரஹந்த களுவர’ (1997). மகன் செத்திட்டான் எண்டு இராணுவம் முத்திரை வைச்ச பெட்டியைக் கொண்டுவந்து குடுக்குது, கண் தெரியாத சிங்களத் தகப்பன் அதை நம்ப மறுக்கிறார். அரசாங்கம் வெளியிட விடாமல் வைச்சிருந்து, வழக்குப் போட்டுத்தான் படம் தியேட்டருக்கு வந்தது. பிள்ளையைத் தேடித் திரிஞ்ச பெற்றோர் இருக்கிற ஊரில அந்தக் கிழவனை ஒருத்தரும் வேற்றாளாப் பாக்கமாட்டினம்.

கம்பிவலை:

சப்டைட்டிலுக்கு வாறன். முதல் வசனம் எவ்வளவு பிந்துது அல்லது முந்துது, கடைசி வசனம் எவ்வளவு எண்டு பாருங்கோ. இரண்டிலும் ஒரே அளவெண்டால் விஎல்சி எண்ட இலவசப் பிளேயரில ‘ஜி’ அழுத்தினால் சப்டைட்டில் முந்தும், ‘எச்’ அழுத்தினால் பிந்தும். ஒரு அழுத்தலுக்கு 50 மில்லி விநாடி.

உங்களுக்குப் போகப்போகக் கூடுது எண்டால் அது பிரேம் வேகப் பிரச்சினை, அதாவது விநாடிக்கு எத்தினை படச்சட்டம் ஓடுது எண்டது. சினிமா ஓடுறது விநாடிக்கு 24 பிரேமில, டிஜிட்டல் பிரதிகள் பெரும்பாலும் 23.976. ஐரோப்பியத் தொலைக்காட்சிப் பிரதியும் டிவிடியும் 25. அந்த 25 பிரதிக்குச் செய்த சப்டைட்டிலை 23.976 வீடியோவோட போட்டால் பத்தாவது நிமிடத்திலையே ஏறக்குறைய 25 விநாடி முந்திவிடும். ‘ஜி’, ‘எச்’ அழுத்திக் காலம் முழுக்கச் சரிக்கட்டேலாது. சப்டைட்டில் எடிட் எண்ட இலவச மென்பொருளில கோப்பைத் திறந்து, ஒத்திசைவு மெனுவில பிரேம் வேகத்தை 25இல இருந்து 23.976க்கு மாத்திச் சேமியுங்கோ. 23.976உம் 24உம் மாறியிருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு 7 விநாடிதான் பிசகும், அதுக்கும் இதே வழிதான். படத்தின்ரை நடுவில ஒரு இடத்தில திடீரெண்டு தாவினால் மட்டும் அது வேற வெட்டுப் பிரதிக்கு உரிய கோப்பு. திருத்துறதை விட வேறை கோப்புத் தேடுறது சுகம்.

டிவிடி எடுக்காதது பழுதாலை இல்லை. தட்டுகளை நாடுகளின்படி வலயம் வலயமாப் பூட்டித்தான் விக்கினம். டிவிடிக்குக் கனடா 1ஆம் வலயம், இலங்கை 5ஆம் வலயம். புளூரே எண்டால் கனடா ஏ, இலங்கை சி. வாங்கி அனுப்புற ஆக்களிட்டை ‘எல்லா வலயமும்’ எண்டு போட்ட தட்டா எண்டு பாக்கச் சொல்லுங்கோ. கம்பியூட்டர் டிரைவில வலயத்தை மாத்தலாம், ஆனால் ஐந்து தரம்தான். ஐந்தாவதோட அது பூட்டிக்கொள்ளும், ஆகவே ஒவ்வொரு தட்டுக்கும் மாத்தி மாத்தி விளையாடாதேங்கோ. உலகப் படங்கள் காட்டுற இணையச் சேவையான கிரைட்டீரியன் சானல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும்தான், இங்கையிருந்து காசு கட்டி வேலையில்லை.

கொக்குவில் ரசிகன்:

மெத்தப் பெரிய உதவி, எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்காக ஒரு தமிழ் சப்டைட்டில் கோப்பு எடுத்தால் ரீவியில கட்டம் கட்டமாத் தெரியுது. இன்னொண்டில ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வருது. ஏன்?

கம்பிவலை:

இரண்டும் வேறை வேறை வருத்தம். இரண்டாவது, யூனிகோட் இல்லாத பழைய பாமினி எழுத்துருவில அடிச்ச கோப்பு. யூனிகோட் மாற்றியில போட்டு எடுங்கோ, ஆனால் வசன வரிகளை மட்டும் ஒட்டுங்கோ, நேரக் குறிப்பு வரிகளைச் சேர்த்து மாத்தினால் கோப்பு ஓடாது. முதலாவதுக்கு, கோப்பை நோட்பாட்டில திறந்து யூடிஎஃப்-8 ஆச் சேமிச்சுப் பாருங்கோ. அதுக்குப் பிறகும் கட்டம் வந்தால், அல்லது கொம்பு எழுத்துக்கு முன்னுக்கு வராமல் பின்னால நிண்டால், ரீவிக்குத் தமிழ் எழுத்துச் சேர்க்கத் தெரியாது எண்டு அர்த்தம். லாப்டொப்பில விஎல்சியைப் போட்டு எச்டிஎம்ஐ வயரால ரீவிக்குக் குடுங்கோ. எழுத்துருவை நிர்மலா எண்டு வையுங்கோ. தமிழ்ச் சொல் நீளம், ஒரு வரியில நாலைஞ்சு சொல்லுக்கு மேல் போனால் அம்மா வாசிச்சு முடிக்க முதல் வரி மறைஞ்சிடும்.

சங்கக்கடையடி:

வாசிகசாலைக்கு: மூலைக்கு மூலை 100 அங்குல அகலத்திரை (16:9) எண்டால் அகலம் 2.2 மீட்டர். வாடகைக்கு எடுக்கிற புரொஜெக்டரின்ரை எறிவு விகிதம் (தூரத்தைத் திரை அகலத்தால பிரிச்சது) 1.5 எண்டால் திரையிலையிருந்து 3.3 மீட்டர் தள்ளி வைக்கவேணும். மேசையை அந்த இடத்தில போட்டுப்போட்டுக் கதிரையை அடுக்குங்கோ. வெளிச்சம் 3000 லூமன் போதும், ஆனால் நல்லா இருண்ட பிறகு, ஏழு மணிக்குத் தொடங்குங்கோ. பின்னேரம் ஐந்தரைக்குப் போட்டால் இந்தப் படங்களில வாற இரவுக் காட்சி ஒண்டும் தெரியாது. மினுங்கிற துணி வேண்டாம், மட்டான வெள்ளைத் துணி, விளிம்பில கறுப்புப் பட்டி.

மிகப் பழைய படங்கள் பெரும்பாலும் ஏறக்குறைய 4:3 (அகலம்:உயரம்) அளவு. அகலத்திரை நிரம்ப இழுத்தால் ‘டோக்கியோ கதை’யில கிழவனும் கிழவியும் குட்டையா, கொழுத்துத் தெரிவினம். இரு பக்கமும் கறுப்பு விழட்டும், அப்பிடியே விடுங்கோ.

சத்தம்: 5.1 ஒலியில (ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிச்சது) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் வரும். இரண்டு பெட்டியோட வயரைக் குடுத்தால் இசை முழங்கும், கதைக்கிறது கேக்காது. விஎல்சி ஓடியோ மெனுவில ஸ்டீரியோவுக்கு மாத்துங்கோ. யன்னல் பக்கத்துப் பேய்ச்சத்தக் காற்றாடியை நிப்பாட்டி, மற்றதுகளை ஓடவிடுங்கோ, மௌனமான படத்தில அது கதையையே விழுங்கும். புரொஜெக்டருக்கும் லாப்டொப்புக்கும் ஒரு யூபிஎஸ் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கிற பற்றரிப் பெட்டி) கட்டாயம். கரண்ட் போனால் சூடான பல்பு ஆற முதல் விசிறி நிண்டு பல்பு போகக்கூடும்.

உரிமை வைச்சிருக்கிற ஆக்களிட்டை எழுத்தில அனுமதி எடுங்கோ. காசு அறவிடாட்டிலும் அது பொதுக் காட்சிதான். உள்ளூர் இயக்குநர்களின்ரை படம் எண்டால் நேரே கேக்கலாம்.

கடைசியா, சப்டைட்டில் திரையின்ரை அடியில வாறதை மறந்திடாதேங்கோ. கதிரையில இருக்கிற ஆளின்ரை தலை ஏறக்குறைய 4 அடி உயரத்தில நிக்கும். திரையின்ரை கீழ் விளிம்பை நாலரை அடிக்கு ஏத்திக் கட்டுங்கோ, கூரை பதிவெண்டால் முன் இரண்டு வரிசைக்கும் பாயை விரிச்சுவிடுங்கோ.