குழுவில் பெரியம்மாவின் பெயரில் வந்த லிங்க் பற்றி – தயவுசெய்து வாசியுங்கள்

அன்பான ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிறு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மாவின் பெயரில், "இந்தப் படத்தில் இருப்பது நீங்களா?" என்று ஒரு லிங்க் வந்தது. அதை அவர் அனுப்பவில்லை. ரொறன்ரோவில் எங்களுக்குப் பின்னேரம். கிளிநொச்சியில் அவர் நல்ல நித்திரை.

நடந்தது இதுதான். முதல் நாள் மருமகளின் பெயரில் அவருக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது: "என் குறியீடு தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, ஆறு இலக்கத்தையும் அனுப்பவும்." அனுப்பிவிட்டார். அந்த ஆறு இலக்கம்தான் அவருடைய கணக்கின் திறப்பு. மருமகளின் கணக்கும் அதற்கு முன்பே இப்படித்தான் பறிபோயிருந்தது. ஞாயிறு வந்த லிங்கைத் திறந்தவர்களிடமும் போன் இலக்கத்தையும் குறியீட்டையும்தான் கேட்டிருக்கிறது. திறந்ததாக நாலு பேர் சொன்னார்கள். அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை.

இதில் கணக்குகளை ஒவ்வொன்றாகப் பறித்தது மனிதர்கள். கணினிப் புழு என்றால் இதே வேலையை ஒரு நிரலே செய்யும். வைரஸ் ஒரு கோப்பில் ஒட்டிக்கொண்டு, அதை யாராவது கொண்டுபோகும் வரை கிடக்கும். புழு தன்னைத் தானே பிரதி எடுத்து, தானே அடுத்தவருக்கு அனுப்பும். அரட்டை வலையில் அதற்கு முகவரி தேடும் வேலைகூட இல்லை. உங்கள் நண்பர் பட்டியல் கையில் கிடைத்துவிடுகிறது.

இது பழைய கதை. 1997 இல் எம்ஐஆர்சி என்ற அரட்டை மென்பொருளில் ஒரு புழு ஓடியது. பெறும் கோப்பு மென்பொருளின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே விழும்படி அமைப்பு இருந்ததால், வந்த கோப்பு அதன் கட்டளைக் கோப்பின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் அறைக்குள் யார் நுழைந்தாலும் அதன் ஒரு பிரதி அவருக்குப் போனது. 2000 மே மாதம் உலகத்தையே கலக்கிய 'ஐ லவ் யூ' புழு மின்னஞ்சலோடு இந்த அரட்டை அறைகளிலும் பரவியது. 2005 இல் எம்எஸ்என் மெசஞ்சர் என்ற அரட்டைச் சேவையில் கெல்விர் என்ற புழு வந்தது. அதன் ஒரு வகையால் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தன் சொந்த மெசஞ்சர் சேவையையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. 2012 இல் ஸ்கைப்பில் "இது உன் புதிய படமா?" என்று கேட்டு ஒன்று வந்தது. ஞாயிறு நாங்கள் பார்த்த கேள்வியும் ஏறக்குறைய அதேதான். 2025 இல் பிரேசிலில் வாட்ஸ்அப் வழியே ஒரு சிப் (zip, சுருக்கிக் கட்டிய) கோப்பு வந்தது; விண்டோஸ் கணினியில் அதைத் திறந்தவரின் வாட்ஸ்அப் வெப் (கணினியில் பார்க்கும் வாட்ஸ்அப்) வழியாக, அவருடைய எல்லாத் தொடர்புகளுக்கும் குழுக்களுக்கும் அதே கோப்பு போனது.

இத்தனை ஆண்டுகளிலும் புழு தன் பெயரில் வந்ததே இல்லை. தெரிந்த ஒருவரின் பெயரில்தான் வரும்.

எனக்குக் கவலை அதில்தான். தொண்ணூறுகளில் வன்னிக்குள் தொலைபேசி இல்லாமல், செஞ்சிலுவைச் சங்கக் கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாங்கள். 2009 இல் வீட்டோடு ஆல்பங்களையும் விட்டுவிட்டு வந்தவர்கள். படம் என்று யாராவது சொன்னால் எங்கள் கை பொறுக்காது. அதோடு எங்களில் ஒருவர் ஊர்ச் சங்கம், பழைய மாணவர், கோயில், கலியாண வீடு என்று நாலைந்து குழுக்களில் இருக்கிறார். மேல் வயலில் விழுந்த களை விதை வாய்க்கால் தண்ணியோடு கடைசி வயல் வரை போவது மாதிரி, ஒரு கணக்குப் போனால் சுவிஸ், லண்டன், பாரிஸ் வரை போய்விடும். கணக்குக்குச் சொந்தக்காரர் ஊரில் நித்திரையாக இருந்தால் "அது நானில்லை" என்று சொல்லவும் ஆளில்லை.

ஆனால் பெரியம்மா எழுதுகிறவரே இல்லை, எப்போதும் குரல் பதிவுதான் அனுப்புவார். "நீங்களா" என்று புத்தகத் தமிழில் கேட்கவும் மாட்டார். அதைக் கவனித்துத்தான் பாரிஸிலுள்ள ஒரு தங்கச்சி உடனே எனக்குப் போன் எடுத்தாள். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். லிங்கோ கோப்போ வந்தால், அனுப்பியவரை எடுத்துக் குரலைக் கேட்டபின் திறவுங்கள். ஆறு இலக்கக் குறியீட்டைப் பெற்ற பிள்ளை கேட்டாலும் கொடுக்க வேண்டாம். வாட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, உங்களுக்கென ஒரு பின் (PIN) இரகசிய இலக்கம் வையுங்கள். இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தில் தெரியாத கணினி இருந்தால் அகற்றிவிடுங்கள். கணக்குப் பறிபோனால் உங்கள் போனில் அதே இலக்கத்தை மீண்டும் பதிவு செய்யுங்கள். மற்றவர் வெளியே தள்ளப்படுவார்.

பெரியம்மாவின் கணக்கில், பறித்தவர்கள் தங்கள் பின் இலக்கத்தைப் போட்டுவிட்டதால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை அவருடைய இலக்கத்தைக் குழுவிலிருந்து எடுத்திருக்கிறோம். "என்னால எல்லாருக்கும் கரைச்சல்" என்று அழுதார். வாட்ஸ்அப் இல்லாமல் சாதாரணப் போனில் ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ.

அன்புடன்,
குழுவைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் தம்பி