தடைக்கால நிவாரணம் வரவில்லை; ஆர்.டி.ஐ. போட்டால் "தகவல் வரையறைக்குள் வராது" என்கிறார்கள்

வலைக்காரர்மகள்:

வணக்கம். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் இருபது வருட உறுப்பினர். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் (2023 ஆகஸ்டில் மண்டபத்து மீனவர் மாநாட்டில் 5,000 ரூபாயை 8,000 ஆக்குவதாக முதல்வர் அறிவித்தாரே, அதுதான்) போன வருடம் வரை ஒழுங்காகக் கணக்கில் ஏறியது. இந்த வருடம் ஏப்ரல் 15-இல் தடை தொடங்கி ஜூன் 14-இல் முடிந்தும் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டது, எதிர் வீட்டுக்கு வந்துவிட்டது, எங்களுக்கு இல்லை.

மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டால் "மேலே அனுப்பியாச்சு", சங்கத்தில் கேட்டால் "அங்கே போய்க் கேளுங்க". அப்பா மூன்று நாள் தொழிலை விட்டு அலைந்தார். அதனால் நானே தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு எழுதினேன். கேட்டது இதுதான்: "என் தந்தைக்கு நிவாரணம் ஏன் வழங்கவில்லை? இதற்குப் பொறுப்பான அலுவலர் யார்? அவர் மீது என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்? பணம் எப்போது வரும்?"

28-வது நாள் ஒற்றை வரியில் பதில் வந்தது. நான் கேட்டது பிரிவு 2(எஃப்)-இன்படி தகவல் என்ற வரையறைக்குள் வராதாம். வக்கீல் வைக்கும் அளவுக்கு வசதி இல்லை. இனி என்ன செய்ய?

தொண்டித்தம்பி:

ஆர்.டி.ஐ. எல்லாம் வேலைக்கு ஆகாதுங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுங்க. முதல்வர் உதவி எண் 1100-க்கும் போன் போட்டுப் புகாரைப் பதிந்து வையுங்க.

கரைவலை:

திங்கட்கிழமை மனுவும் கொடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் அது ராமநாதபுரத்தைச் சுற்றிவிட்டு அதே மேசைக்குத்தான் வரும், "உரிய நடவடிக்கைக்கு" என்று ஒரு முத்திரையோடு.

ஏம்மா, கோபப்படாதே. அந்தப் பதிலில் பாதி நியாயம் இருக்கிறது. நீ கேட்டது நாலும் கேள்வி. இந்தச் சட்டத்தில் காகிதம்தான் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. அலுவலகத்தில் ஏற்கெனவே எழுத்தாக இருப்பதைத் தரவேண்டும், புதிதாகக் காரணம் கண்டுபிடித்துச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. 2011-இல் விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். அதே தீர்ப்பில்தான் மாணவன் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். ஏன் இந்த மார்க் என்று கேட்க முடியாது, ஆனால் தாளையே எடுத்துக் காட்டு என்று கேட்கலாம். பிடி புரிகிறதா?

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். பட்டுத்தான் இதைக் கற்றேன். சில வருடங்களுக்கு முன் என் வல்லத்துக்கு, அதான் நாட்டுப்படகுக்கு, மானிய டீசல் திடீரென்று நின்றுவிட்டது. நானும் உன்னைப்போலத்தான், "ஏன் ஏன்" என்று இரண்டு மனு போட்டேன். ஒன்றுக்கு உன் பதில், இன்னொன்றுக்குப் பதிலே இல்லை. மூன்றாவதில் ஒரே வரி எழுதினேன்: "படகு ஆய்வுப் பதிவேட்டையும் என் படகு தொடர்பான கோப்பையும் நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்." அது நம் உரிமை, பிரிவு 2(ஜே)-யில் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் கிடையாது.

ஒரு புதன்கிழமை வரச்சொன்னார்கள். விசிறிக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். எழுத்தர் நீல அட்டை போட்ட நீளப் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார், உப்புக்காற்றில் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. என் படகு எண்ணுக்கு நேரே பென்சிலில் மூன்றே சொல்: "களத்தில் படகு இல்லை."

சிரிப்புதான் வந்தது. ஆய்வு நடந்தது மே மாதம். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், நாங்கள் வல்லங்களைத் தூக்கி வடகடல் பக்கம் போட்டுவிடுவோம். வாடைக்காற்று வந்தால் திரும்ப இந்தப் பக்கம். பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். ஆய்வுக்கு வந்தவர் புதுசு, தென்கரையில் தேடியிருக்கிறார், காணோம் என்று எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அந்தப் பக்கத்துக்கு நகல் கேட்டேன், இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அதோடு வடகரையில் படகு நிற்கிற போட்டோவைச் சேர்த்து மறு ஆய்வு கேட்டேன். அடுத்த மாதம் டீசல் வந்தது. அந்தப் பென்சில் வரியைப் பார்க்காமல் இருந்தால் இன்றைக்கும் "ஏன்" என்றுதான் எழுதிக்கொண்டிருப்பேன்.

சரி, உன் விஷயம். புது மனு போடு. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டு, கோர்ட் வாசலில் கிடைக்கும். இப்படிக் கேள்: இந்த ஆண்டு தடைக்கால நிவாரணத்துக்கு எங்கள் ஊரிலிருந்து அனுப்பிய பயனாளிகள் பட்டியலின் நகல். அதில் நீக்கிய அல்லது நிறுத்திவைத்த பெயர்கள், பக்கத்தில் எழுதியுள்ள குறிப்புடன். அப்பாவின் சங்க உறுப்பினர் எண்ணைப் போட்டு, அது சம்பந்தமாக வந்த, போன கடிதங்களின் நகல். கடைசியாக, கோப்பைப் பார்வையிட அனுமதி. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதே. எதற்கு வேண்டும் என்று கேட்டால் காரணம் சொல்லத் தேவையில்லை, பிரிவு 6(2). வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் ஐந்து நாளுக்குள் அவர்களேதான் மாற்றி அனுப்பவேண்டும், உன்னை அலையவிடக் கூடாது.

ஒப்புகை அட்டையோடு அனுப்பு. அந்த அட்டையைப் பத்திரமாக வை. அவர்கள் பதில் தரவேண்டிய முப்பது நாளைக் கணக்குப் பார்க்க அதுதான் சாட்சி.

சேதுக்கரை வாத்தியார்:

கரைவலை அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன், ஒன்றில் முரண்படுகிறேன்.

சேர்ப்பது: மானியத் திட்டங்களில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற விவரத்தை, யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும். பிரிவு 4(1)(பி)-யில் பன்னிரண்டாவது இனம். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தால் தங்கை பத்து ரூபாய் வில்லை வாங்கவே தேவையில்லை. மத்தியச் சட்டம் 2005-இல்தான் வந்தது, தமிழ்நாடு 1997-லேயே தனக்கென ஒரு தகவல் சட்டம் போட்ட மாநிலம். ஆனாலும் நம் பலகைகளில் போன தேர்தலின் வாக்குச்சாவடி நோட்டீஸ்தான் இன்னும் தொங்குகிறது.

"பட்டியலில் மற்றவர் பெயர் இருக்கிறது, தனிநபர் தகவல்" என்று பிரிவு 8(1)(ஜே)-யைக் காட்டி மறுக்கலாம். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவில் இருந்த பொதுநலன் விலக்கை எடுத்துவிட்டது. ஆனால் 8(2) அப்படியே இருக்கிறது, பொதுநலன் பெரிதென்றால் தரலாம். மற்றவர்களின் ஆதார், கணக்கு எண்களை மறைத்துவிட்டுத் தாருங்கள் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள், சண்டை பாதி குறையும்.

முரண்படுவது: பழைய மனுவை அப்படியே விடாதீர்கள். பதில் கிடைத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம், அதே துறையின் மேல் அலுவலருக்கு. அப்புறம் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

கரைவலை:

வாத்தியாரே, அந்த மேல்முறையீட்டில் என்னத்தைக் கேட்பது? கேள்வியே தப்பாக இருக்கும்போது மேலே போனாலும் அதே பதில்தான். புது மனு பத்து ரூபாய், அவ்வளவுதானே. அதற்கும் பதில் இல்லையென்றால் அப்போது மேலே போகலாம்.

தொண்டித்தம்பி:

அதெல்லாம் சரி. ஊரில் பெயர் கெட்டுப்போகாதா? நாளைக்கு மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்துக்கு அதே ஆளிடம்தான் போய் நிற்கணும்.

கரைவலை:

பேச்சு வரும், பொய் சொல்லமாட்டேன். "கரைவலை பெரிய அதிகாரி ஆயிட்டான்" என்று டீக்கடையில் ஆறு மாதம் ஓட்டினார்கள். அப்புறம் அதில் நாலு பேர் தங்கள் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள்.

வலைக்காரர்மகள்:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை நாள் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். அண்ணன் சொன்ன நாலு வரியையும் வாத்தியார் சொன்ன ஆதார் வரியையும் சேர்த்து அனுப்பினேன். 26-வது நாள் கடிதம் வந்தது, நேரில் வந்து பார்க்கலாம் என்று. நானும் அப்பாவும் போனோம்.

பட்டியலில் அப்பா பெயர் இருந்தது! நீக்கவே இல்லை. பணமும் அனுப்பியிருக்கிறார்கள். கணக்கு எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 47, பட்டியலில் 74. இந்த வருடம் பட்டியலைப் புதிதாகத் தட்டச்சு செய்தபோது மாறியிருக்கிறது. வங்கி பணத்தைத் திருப்பி அனுப்பி, திரும்பிய பெயர்களை ஒரு கடிதமாகவும் எழுதியிருக்கிறது. ஜூன் மாதக் கடிதம். கோப்பில் அதற்குப் பின்னால் ஒரு தாள்கூட இல்லை. அதில் எங்கள் ஊரிலிருந்தே பதினொரு பேர். அப்பா ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார், ஒருவர் போன மாதம் காலமாகிவிட்டார் என்று எழுத்தரிடம் சொன்னார். எழுத்தர் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்று பக்க நகல், ஆறு ரூபாய். திருத்த மனுவோடு பதினொரு பாஸ்புக் நகலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம், பெறப்பட்டது என்று முத்திரையும் வாங்கியாயிற்று. பணம் இன்னும் வரவில்லை. காலமானவரின் வீட்டுக்கு வாரிசுச் சான்று கேட்பார்கள் போலிருக்கிறது, அது தனி அலைச்சல்.

கரைவலை அண்ணே, அப்பா உங்களை எந்தக் கரை என்று கேட்கச் சொன்னார்.

கரைவலை:

இப்போது வடகரை. வாடை தொடங்கட்டும், உங்கள் பக்கம்தான் வருவேன். பதினொரு பேரில் யாருக்காவது பணம் ஏறினால் அன்றைக்கே இங்கே எழுதும்மா.