பார்க்கின்சன் நோயாளிக்கு இரண்டு பாதமும் எரிச்சல்: நோயா, மாத்திரையா, பி12 குறைவா?

பிசியோ_தஞ்சை:
68 வயது, பார்க்கின்சன் வந்து 9 வருடம். மாத்திரை லெவோடோபா-கார்பிடோபா (லெவோடோபா மூளையில் டோபமினாக மாறும்), லெவோடோபா கணக்கில் தினம் 1000 மி.கி. கூடவே ரசாகிலின் (மூளையில் டோபமின் சிதைவதைத் தடுக்கும் மாத்திரை). சர்க்கரை இல்லை. நெஞ்செரிச்சலுக்குப் பல வருடமாக பான்டோபிரசோல். சைவம். இரண்டு பாதத்திலும் எரிச்சல், விரல் நுனியில் மரத்த உணர்வு. நரம்புக் கடத்தல் பரிசோதனை நார்மல், பி12 அளவு 240. "பார்க்கின்சன்ல இது சகஜம்" என்று விட்டுவிடலாமா?

நரம்பு_வார்டு:
விட வேண்டாம். முதலில் நேரத்தைக் கேளுங்கள். மாத்திரையின் வேலை குறையும்போது எரிச்சல் ஏறி, அடுத்த வேளை மாத்திரை பிடித்ததும் அடங்கினால் அது பெரும்பாலும் டோபமின் குறைவால் வருவது. நடுக்கம் அதிகமுள்ள பக்கத்தில் கூடுதலாக இருக்கும். மூன்று நாள் மாத்திரை நேரத்தையும் எரிச்சல் நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொன்னாலே தெரிந்துவிடும். மாத்திரையோடு ஏறி இறங்காமல் இரண்டு காலிலும் சமமாக, காலுறை போட்ட அளவுக்கு மேலேறி வந்தால் பாதநரம்பு கெட்டிருப்பதாகச் சந்தேகிக்கணும்.

கடத்தல் பரிசோதனை பெரிய நரம்பிழைகளை மட்டுமே பார்க்கும். வலியையும் சூட்டையும் கடத்தும் மெல்லிய இழைகள் அதில் சிக்காது. பார்க்கின்சனில் முதலில் தேய்வது பெரும்பாலும் அவைதான். கணுக்காலுக்கு 10 செ.மீ. மேலே 3 மி.மீ. தோல் பயாப்ஸி எடுத்து இழைகளை எண்ணினால்தான் தெரியும்.

மருந்து வேலை செய்யும் நேரத்தில் சோதியுங்கள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கால் கட்டைவிரல் எலும்பின்மேல் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லச் சொல்லுங்கள். இவர்களுக்குப் பதில் தாமதமாகத்தான் வரும், அதை உணர்விழப்பு என்று எழுதிவிடாதீர்கள். அதிர்வே இல்லாமல் வெறுமனே ஒருமுறை வைத்துப் பார்த்தால் ஊகித்துச் சொல்கிறாரா என்பது புரியும். தொடு உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழையைக் காய்ப்பு இல்லாத இடத்தில் வளையும்வரை ஒரு நொடி அழுத்தணும்.

மருந்தாளுநர்:
240 என்பதை நார்மல் என்று எடுத்துக்கொள்ளாதீங்க. 200-300 பிகோகிராமுக்குள் இருந்தால் மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் (பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் பொருட்கள்) இரண்டும் பார்க்கணும். ஹோமோசிஸ்டீன் ரத்தத்தை ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பிரிக்காவிட்டால், செல்களிலிருந்து கசிந்து பொய்யாக ஏறிக்காட்டும்.

லெவோடோபா எடுப்பவருக்கு பி12 குறையக் காரணம் இதுதான்: லெவோடோபாவில் ஒரு பகுதியை காம்ட் என்ற நொதி மெத்திலேற்றுகிறது. அப்போது ஹோமோசிஸ்டீன் மிஞ்சும், அதைத் திருப்பி மாற்ற பி12-ம் ஃபோலேட்டும் தேவை. கார்பிடோபா பி6-ஐயும் கட்டிப்போடும். லெவோடோபா டோஸ் கூடக்கூட இந்த வைட்டமின்கள் செலவாவதும் கூடும். சைவ உணவும் பான்டோபிரசோலும் சேர்ந்தால் இவருக்கு மூன்று பக்கமும் கசிவு.

பி12 குறைவு உறுதியானால் 1000 மைக்ரோகிராம் ஊசி. பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுக்கக்கூடாது. ரத்தசோகை சரியாகும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். "நரம்பு மாத்திரை" பெயரில் வருவதில் பி6 எவ்வளவு என்று அட்டையைப் படியுங்க. அதிக பி6 தானே நரம்பைக் கெடுக்கும், இரண்டு பிராண்டைச் சேர்த்தால் சீக்கிரம்.

எரிச்சலுக்கு டுலாக்ஸெடின் (நரம்பு வலிக்கும் தரும் மனச்சோர்வு மருந்து) எழுதினால் நிறுத்திக் கேளுங்க, ரசாகிலினோடு சேரக்கூடாது. பிரகாபலின் (இன்னொரு நரம்பு வலி மருந்து) என்றால் சின்ன அளவில், இரவில். மயக்கமும் விழுதலும் வருதா என்று பார்த்து.

நரம்பு_வார்டு:
ஒன்று விட்டுப்போச்சு. லெவோடோபாவைத் தானாகக் குறைக்க வேண்டாம், உடம்பு இறுகிப்போகும். சில வாரங்களுக்குள் கால் பலம் இறங்கினால், அதுவும் லெவோடோபாவை நேராகக் குடலுக்குள் செலுத்தும் ஜெல் பம்ப் போட்டவருக்கு, அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.