ஆண்டறிக்கைக்கு முந்தைய சனிக்கிழமை: எங்கள் அரிமா (லயன்ஸ்) சங்க வாட்ஸ்அப் குழுவிலிருந்து

21 ஜூன் 2025, சனி, மாலை 6:40

செயலாளர்: எல்லோருக்கும் வணக்கம். 30ஆம் தேதியோடு நம் ஆண்டு முடிகிறது. நாளை இரவுக்குள் ஆண்டறிக்கை அச்சகத்துக்குப் போக வேண்டும். அவரவர் பொறுப்பில் நடந்த பணிகளை இங்கேயே எழுதிவிடுங்கள். படங்களை மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

பேக்கரி தம்பி: கண் முகாமுக்குப் பணம் சேர்க்க விற்ற தீபாவளி இனிப்பு என் பொறுப்பு அண்ணே. மண்டபத்து அடுப்படியில் சமையல் மாஸ்டரை வைத்து லட்டு, மைசூர்பாகு, மிக்சர், காராசேவு போட்டோம். முன்பதிவு வாங்கிய பிறகுதான் சரக்கே வாங்கினோம், அதனால் ஒரு பெட்டிகூடத் தேங்கவில்லை. கடலை மாவும் நெய்யும் நம் உறுப்பினர் கடையிலிருந்து அடக்க விலைக்கு வந்தன. பெட்டி கட்டியது முழுக்க வீட்டுப் பெண்களும் நம் இளைஞர் பிரிவான லியோ பிள்ளைகளும்தான். அதைக் கட்டாயம் அறிக்கையில் போடுங்கள்.

தலைவர் வீட்டு அக்கா: இந்த வருடத்திலேயே எனக்குப் பிடித்தது அந்த லட்டு பிடித்த ராத்திரிதான். கூட்டத்துக்கு வருவோம், வணக்கம் சொல்லுவோம், சாப்பிட்டுவிட்டுப் போவோம். வருடக்கணக்காக அவ்வளவுதான் பழக்கம். அன்றைக்குத்தான் யார் வீட்டில் யாருக்கு என்ன கஷ்டம் என்று ஒருவருக்கொருவர் தெரிந்தது.

மருந்துக்கடை அண்ணன்: உண்மைம்மா. என் பெண்ணுக்கு வரன் அமைந்ததே அந்த அடுப்படிப் பேச்சில்தான்.

லியோ தம்பி: வணக்கம் சார். லியோ சங்கம் சார்பாக: மாதம் ஒரு ஞாயிறு வீடுவீடாகப் பழைய பேப்பர், பழைய நோட்டு சேகரித்து எடைக்குப் போட்டோம். அந்தப் பணத்தில் அரசுப் பள்ளியில் பார்வை சோதித்த பிள்ளைகளுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம்.

டீச்சர் அக்கா: தம்பி, அதை இன்னும் விரிவாக எழுது. என் வகுப்பில் ஒரு பெண், போர்டில் இருப்பதை எப்போதும் தப்பாகவே எழுதுவாள். கவனம் போதாது என்று எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தோம். கண்ணாடி போட்ட அன்று ஜன்னல் வழியாக வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். இலை தனித்தனியாகத் தெரியும் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

செயலாளர்: இதை அப்படியே போட்டுவிடுகிறேன் டீச்சர். பெயர் வேண்டாம். இரத்ததான முகாம் 14ஆம் தேதி நடந்தது, அதன் விவரம் என்னிடம் இருக்கிறது. அன்றைக்குக் கொடுத்த ஆண்கள் 3 மாதம், பெண்கள் 4 மாதம் கழித்துத்தான் அடுத்து கொடுக்க வேண்டும். நடுவில் யாராவது அவசரம் என்று கூப்பிட்டால் என்னிடம் சொல்லுங்கள், பட்டியலில் வேறு ஆள் பார்க்கலாம். பொருளாளர் சார், கணக்கு?

இரவு 7:25

பொருளாளர்: கணக்கு முடித்துவிட்டேன். அறிக்கைக்கு முன் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, ரசீது. நம் அறக்கட்டளைக்கு நன்கொடை தருகிறவர்களிடம் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள். அதற்கு 80ஜி வருமான வரிக் கழிவு கிடைக்காது. காசோலை, யுபிஐ, வங்கிப் பரிமாற்றம் எதுவானாலும் சரி. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கழிவு, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு வந்து கேட்டால் அவர்களுக்கும் வருத்தம், நமக்கும் வருத்தம்.

இரண்டாவது, தீபாவளி இனிப்பில் வந்ததில் கண் முகாம் செலவெல்லாம் போக இன்னும் கையிருப்பு இருக்கிறது. அது சேவைக் கணக்கில் இருக்கிறது.

தலைவர்: நல்லது சார். அதைப் பற்றி ஒன்று கேட்க நினைத்தேன். பணியேற்பு விழாவுக்கு மண்டப வாடகை ஏறிவிட்டது. நம் அரிமா மாவட்ட ஆளுநர் வருகிறார், சாப்பாடு, மேடை, நினைவுப் பரிசு எல்லாம் இருக்கிறது. அந்தக் கையிருப்பில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, ஜூலையில் சந்தா வந்ததும் திருப்பி வைத்துவிடலாமா?

பொருளாளர்: முடியாது தலைவரே. நீங்கள் சொந்தத்துக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அரிமா சங்கத்தில் ஆரம்பத்திலிருந்தே இரண்டு கணக்கு. சந்தா, கூட்டத்தைக் கலகலப்பாக்கும் டெயில் ட்விஸ்டர் விளையாட்டாகப் போடும் அபராதம், நாம் நமக்காகப் போட்டுக்கொள்வது, இதெல்லாம் நிர்வாகக் கணக்கு. பொதுமக்களிடமிருந்து வந்தது ஒரு ரூபாயானாலும் சேவைக் கணக்கு. அதிலிருந்து பொதுமக்களுக்குத்தான் போக வேண்டும். ஒரு மாதக் கைமாற்றாகக்கூட இந்தப் பக்கம் வரக் கூடாது. லட்டு வாங்கியவர் கண் முகாமுக்கு என்று நம்பித்தான் வாங்கினார்.

பட்டயத் தலைவர் ஐயா: பொருளாளர் சொல்வது சரி. நான் முதல் தலைவராக இருந்து சங்கம் ஆரம்பித்த வருடம் பேப்பர் நோட்டில் எழுதிய கணக்கிலும் இதே இரண்டு பக்கம்தான். எத்தனையோ சங்கங்கள் பிரிந்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லாமே பணத்தில்தான் ஆரம்பித்தன, தொகை பெரிதாக இருந்ததால் அல்ல, யாரிடமும் கேட்காமல் எடுத்ததால். தலைவர் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறார், அதுவே நல்லது.

தலைவர்: சரி ஐயா, விட்டுவிட்டேன். பள்ளிக்கூட அரங்கம் கேட்டுப் பார்க்கிறேன்.

தலைவர் வீட்டு அக்கா: சாப்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். லட்டுக்கு வந்த அதே கூட்டம்தான். தக்காளி சாதம், தயிர் சாதம், ஒரு கூட்டு, பாயசம். ஆளுநரும் சாப்பிடுவார்.

பேக்கரி தம்பி: பாயசம் என் செலவு அக்கா 🙏

இரவு 8:10

டீச்சர் அக்கா: அப்படியானால் அந்தக் கையிருப்பை என்ன செய்வது என்று நான் ஒரு யோசனை சொல்லட்டுமா? ஜூலை முதல் நான்தானே பொறுப்பு. இந்த ஆண்டு இரண்டு கண் முகாம் நடத்தினோம். வரும் ஆண்டு ஒன்று போதும் என்று நினைக்கிறேன்.

செயலாளர்: ஒன்றா? டீச்சர், மாவட்டத்தில் முகாம் எண்ணிக்கை பார்த்துத்தான் விருது தருகிறார்கள்.

டீச்சர் அக்கா: தெரியும் அண்ணே. ஆனால் மருந்துக்கடை அண்ணன் அன்றைக்குச் சொன்னதிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. அண்ணே, அந்த ஆத்தா கதையை இங்கே எல்லோருக்கும் சொல்லுங்கள்.

மருந்துக்கடை அண்ணன்: சொல்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆத்தா. தனியாக இருக்கிறார், நாலைந்து ஆடு வைத்திருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை முற்றி வெள்ளையாகத் தெரிகிறது. ஆட்டோவில் மைக் கட்டி இரண்டு முறை அந்தத் தெருவில் போனோம், நோட்டீஸ் கொடுத்தோம். அவர் வரவில்லை. பிரஷர் மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தபோது, ஏன் ஆத்தா வரவில்லை என்று கேட்டேன். “நான் மதுரைக்குப் போயிட்டா ஆட்டை யாருப்பா பார்ப்பா?” என்றார். அவ்வளவுதான் காரணம். பயம் இல்லை, நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆடு.

இரண்டாவது முகாமுக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசி, ஆட்டை ஓட்டிப்போக அவனுக்குக் கூலியும் பேசிவிட்டு, முகாம் அன்று காலையில் நானே வண்டியில் கூட்டி வந்தேன். அன்றைக்கே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். மறுநாள் ஒரு கண்ணில் லென்ஸ் வைத்து, அதற்கு அடுத்த நாள் கொண்டுவந்து விட்டார்கள். பச்சை போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியவர், முதலில் ஆட்டை எண்ணிவிட்டுத்தான் என்னிடம் பேசினார்.

தலைவர்: அந்தப் பையனுக்குக் கூலி யார் கொடுத்தது அண்ணே?

மருந்துக்கடை அண்ணன்: அது கிடக்கட்டும் தலைவரே.

டீச்சர் அக்கா: இதைத்தான் சொல்ல வந்தேன். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் எடுத்த ஓர் ஆய்வு 1999இல் வெளிவந்தது. கண்ணில் கோளாறு இருந்தவர்களில் நூற்றுக்கு 7 பேர் அளவில்தான் முகாமுக்கே வந்திருந்தார்கள். சிகிச்சை இலவசம், லென்ஸ் இலவசம், பஸ்ஸும் இலவசம், அப்படியும் 7 பேர். கூட்டிப் போக ஆள் இல்லை, கூலி போய்விடும், வயசாகிவிட்டது இனிமேல் எதற்கு, இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம். மைக் அதைக் கேட்காது. நாம் போய் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

பட்டயத் தலைவர் ஐயா: டீச்சர் சொல்வதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அரிமா சங்கத்துக்குக் கண் சேவை எப்படி வந்தது என்று புதியவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். 1925 ஜூன் 30, அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் சிடார் பாயின்ட் என்ற இடத்தில் நடந்த மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்தார். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத பெண். பார்வையற்றோருக்காக நீங்கள் இருளோடு போராட வேண்டும் என்று அங்கே கேட்டுக்கொண்டார். வரும் 30ஆம் தேதியோடு அதற்கு நூறு வருடம்.

நான் சேர்ந்த காலத்தில் பள்ளிக்கூடத்திலேயே பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஆப்பரேஷன் நடக்கும். அப்போது கண்ணுக்குள் லென்ஸ் கிடையாது. புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அது உடைந்தால் திரும்பவும் இருட்டுதான். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு அரவிந்தைத் தொடங்கினார். 1992இல் மதுரையிலேயே அரவிந்தின் தயாரிப்புக்கூடமான ஆரோலேப் லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் ஏழைக்கும் லென்ஸ் என்பது நடந்தது. இன்றைக்கு மருத்துவம் தயாராக நிற்கிறது. ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாக்கி. அதை டாக்டர்கள் செய்ய முடியாது. ஊர்க்காரர்கள்தான் செய்ய வேண்டும், அதாவது நாம்.

லியோ தம்பி: ஐயா, நூறாவது வருடம் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. லியோ பக்கத்தில் போடுகிறேன். இன்னொரு சந்தேகம். எங்கள் அப்பத்தா கண்தானம் எழுதிக் கொடுக்க ஆசைப்படுகிறார். அவருக்கு ஏற்கெனவே புரை ஆப்பரேஷன் ஆகிவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது. எடுத்துக்கொள்வார்களா?

மருந்துக்கடை அண்ணன்: எடுத்துக்கொள்வார்கள் தம்பி. வயது தடையில்லை, கண்ணாடி போட்டிருந்தாலும், சர்க்கரை, பிரஷர் இருந்தாலும் தரலாம். எய்ட்ஸ், மஞ்சள் காமாலை பி வகை, வெறிநாய்க்கடி நோய் மாதிரி தொற்று இருந்தால்தான் கூடாது. எழுதிக் கொடுப்பதைவிட முக்கியம், வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருப்பது. உயிர் பிரிந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமையை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும். உடனே எனக்கோ செயலாளருக்கோ ஃபோன் வந்தால் போதும், எந்த ராத்திரியானாலும் கண் வங்கிக்குச் சொல்லிவிடுவோம்.

இந்த ஆண்டு ஒரு வீட்டில் அழுகைக்கு நடுவில் அந்த வீட்டு மருமகள்தான் எழுந்து வந்து எனக்குப் ஃபோன் போட்டார். மாமனார் சொல்லி வைத்திருந்தாராம். அந்தப் பெண்ணை விழாவுக்குக் கூப்பிட்டு மரியாதை செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அவர் சம்மதித்தால் மட்டும்.

தலைவர்: கட்டாயம் அண்ணே. நினைவுப் பரிசு ஒன்று அவருக்குத்தான். நானும் என் வீட்டு அக்காவும் நேரில் போய்க் கேட்கிறோம்.

இரவு 9:05

செயலாளர்: சரி, டீச்சர் யோசனைக்கு வருவோம். நானும் நினைத்துப் பார்த்தேன். விருது வந்தால் சுவரில் மாட்டுவோம். முகாம் ஒன்றே இருக்கட்டும். எப்படிச் செய்வது?

டீச்சர் அக்கா: முகாமுக்கு முந்தைய மாதம் முழுக்க வீட்டு விசாரிப்பு. இரண்டு பேர் ஒரு குழு, அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஒரு நோட்டு: பெயர், வயது, எந்தக் கண், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், வர முடியாத காரணம் என்ன. அந்தக் கடைசிக் காரணம்தான் முக்கியம். அதைத் தீர்க்கத்தான் சேவைக் கணக்குப் பணம். ஆடு பார்க்க ஆள், துணைக்கு வருபவருக்கு ஒரு நாள் கூலி, நடக்க முடியாதவருக்கு ஆட்டோ.

பொருளாளர்: இதற்குத் தாராளமாகத் தரலாம். ரசீது இல்லாத செலவுக்குக் குழுவில் இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்துப் போட்டால் போதும், நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பேக்கரி தம்பி: ஆற்றுக்கு அந்தப் பக்கம் எல்லாம் மல்லிகைத் தோட்டம். விடியற்காலையில் பூப்பறிக்கப் போய்விடுவார்கள். பத்து மணிக்கு மேல் போனால்தான் ஆள் இருக்கும். முகாமையும் 8 மணிக்கு என்று போடாதீர்கள், மதியம் வரை பதிவு வைக்கச் சொல்லுங்கள்.

டீச்சர் அக்கா: இதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது தம்பி. மருத்துவமனை முகாம் அலுவலரிடம் பேசுகிறேன்.

தலைவர் வீட்டு அக்கா: ஆப்பரேஷன் முடிந்து வந்த பிறகு? போன தடவை ஒரு பாட்டி சொட்டு மருந்தை மூன்று நாளில் நிறுத்திவிட்டார். கண் தெரிகிறதே, இனி எதற்கு என்றார். நான் தினம் சாயங்காலம் போய் விட்டுவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கும் நானே கூட்டி வந்தேன்.

டீச்சர் அக்கா: அக்கா, அந்த வேலைக்கு நீங்களே பொறுப்பு. வீடு திரும்பிய ஒவ்வொருவருக்கும் பக்கத்துத் தெருவில் ஒரு ஆள் என்று நீங்கள் போட்டுக் கொடுங்கள். கண்ணைக் கசக்காமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல், சொட்டு மருந்து விடாமல் பார்க்க…

டீச்சர் அக்கா: சொட்டு மருந்தை விட்டுவிடாமல் பார்க்க, என்று படிக்கவும் 🙏

தலைவர் வீட்டு அக்கா: புரிந்தது டீச்சர். போட்டுத் தருகிறேன்.

செயலாளர்: அப்படியானால் ஜூலை முதல் ஞாயிறு, 6ஆம் தேதி, ஆரம்பிப்போம். தெரு பிரித்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் யார்?

மருந்துக்கடை அண்ணன்: நானும் பேக்கரி தம்பி வீட்டம்மாவும். ஆத்தாவுக்கு இன்னொரு கண் பாக்கி இருக்கிறது.

லியோ தம்பி: காலனி நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் சார். எங்கள் அப்பத்தாவும் வருகிறேன் என்கிறார். அவர் கேட்டால் எல்லாப் பாட்டிகளும் பேசுவார்கள்.

பட்டயத் தலைவர் ஐயா: பெரிய தெருவில் வெயிலுக்கு முன்னால் முடிக்கிற மாதிரி நாலு வீடு எனக்கும் கொடுங்கள்.

செயலாளர்: எழுதிக்கொண்டேன் ஐயா. சந்தைத் தெருவுக்கும் பேட்டைக்கும் இன்னும் ஆள் வேண்டும். இன்றிரவு 10 மணிக்குள் பெயர் கொடுங்கள்.

பொருளாளர்: பேட்டை எனக்கு.