ரீகனா, வோல்க்கரா? கொஞ்சம் உதவுங்க

எல்லோருக்கும் வணக்கம். 1980இல் 13 சதவீதத்தைத் தாண்டிய அமெரிக்கப் பணவீக்கம் 1983இல் 3 சதவீத அளவுக்கு இறங்கியது. 1981இல் அதிபரான ரீகன்தான் காரணம் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் பாதிப்பேர் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பணவீக்கத்தை அடக்க வட்டியை 20 சதவீதம் வரை ஏற்றியவர் அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் தலைவர் பால் வோல்க்கர். அவரை 1979இல் நியமித்ததோ ரீகனுக்கு முந்தைய அதிபர் கார்ட்டர்! வீடு வாங்க ஆளில்லாமல் தவித்த கட்டுமானக்காரர்கள், வட்டியைக் குறைக்கச் சொல்லி மரச்சட்டத்துண்டுகளில் எழுதி வோல்க்கருக்குத் தபாலில் அனுப்பினார்கள். 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதம். அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை விட்டுவிட்டுப் பேசுவது எப்படி நியாயம்?

ஆனால் அதன்பின் வந்த வளர்ச்சியில் ரீகனின் 1981 வரிக்குறைப்புக்கு எவ்வளவு பங்கு? அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பொருளாதாரம் படித்தவர்கள் விளக்குங்களேன். ஞாயிற்றுக்கிழமை நான் பேச வேண்டும்.