நோம்பி சாட்டுனா கம்பத்தடியில யாரப் பாத்தீங்க?

கோபிப் பக்கத்துல இருந்து:

பங்குனி பொறந்தாச்சு. எங்கூர்ல அடுத்த செவ்வாக்கெழமை மாரியாத்தாளுக்குப் பூச்சாட்டு, அதாவது நோம்பி (திருவிழா) ஆரம்பம். அப்பறம் கம்பம், பூவோடு, மாவெளக்கு, பொங்கல், மஞ்ச நீருன்னு பதினஞ்சு நாளைக்கு ஒரு வேலையும் ஓடாது. அந்தப் பதினஞ்சு நாள்ல கம்பத்தடியில நீங்க பாத்த ஆளுகளப் பத்திச் சொல்லுங்க. மத்த நாள்ல மூஞ்சி குடுத்துப் பேசாத ஆளுக இருப்பாங்கல்ல, அவுங்களப் பத்தி. மொதல்ல நானே ஆரம்பிச்சர்றேன்.

வெளியூர்க்காரங்களுக்கு மட்டும் ரெண்டு வார்த்தை. கம்பங்கறது மூணு கெளையாப் பிரிஞ்ச மரக்கொம்பு. பட்டையச் சீவி, மஞ்சப் பூசி, வேப்பந்தழை கட்டி, கோயிலுக்கு முன்னால நட்டுருவாங்க. அது மாரியாத்தாளுக்குப் புருசன்னு எங்காத்தா சொல்லும். நட்ட நாள்ல இருந்து புடுங்கற வரைக்கும் ஊருக்குள்ள கண்ணாலம் காச்சி கெடையாது. ஊட்டுல தாளிக்க மாட்டாங்க, கவிச்சி ஆக மாட்டாங்க. வெளியூர் போனாலும் பொழுது விடியறதுக்குள்ள ஊர் வந்து சேந்துரோணும். இந்தக் கடைசிக் கட்டுப்பாடுதான் எனக்குப் பெருசாப் படுது. திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் செதறிக் கெடக்கற சனம் அந்தப் பதினஞ்சு நாளும் ஒட்டுக்கா ஊர்ல இருந்தாகோணும். ஆகாதவங்களா இருந்தாலும் ஓடி ஒளியறதுக்கு எடமில்ல.

எங்கப்பாவும் சித்தப்பாவும் பேச்சு வார்த்தை இல்லாம ரொம்ப வருசமாச்சு. கீழ்பவானி வாய்க்காத் தண்ணிதான் எங்க காட்டுக்கு. பவானிசாகர்ல இருந்து 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குப் பாயற வாய்க்கா, எங்கப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவால இருக்கற ஒத்த மடையில வந்து சண்டையாகிப் போச்சு. கடலைக்குத் தண்ணி விட்ட சமயம். மொறை யாரோடதுங்கறதுல ராத்திரி ஒருத்தரு மடையத் தெறக்க, இன்னொருத்தரு வந்து அடைக்க, மம்பட்டியத் தூக்கற வரைக்கும் போயிருச்சு. அதுக்கப்பறம் ரெண்டு ஊட்டுப் பொம்பளைங்களும் பேசக்கூடாதுன்னு ஆம்பளைங்களா முடிவு பண்ணிக்கிட்டாங்க.

கம்பத்துக்குத் தண்ணி ஊத்தறது விடியங்காட்டி. தலைக்குத் தண்ணி வாத்துட்டு, ஈரச்சீலையோட, கொடத்துல மஞ்சத்தண்ணி கலக்கி, வாயில ஒரு கொத்து வேப்பந்தழையச் சொருகிட்டு வரிசையில நிக்கோணும். ஒரு பக்கம் தப்பட்டைச் சத்தம், இன்னொரு பக்கம் அழுவற கொழந்தைங்க. கம்பத்தச் சுத்தி ஊத்துன தண்ணி தேங்கி ஒரே சேறு. எத்தனை சாக்கு போட்டாலும் வழுக்கும். அப்பிடி ஒரு விடியங்காட்டி எங்கம்மாவுக்கு முன்னால நின்னது எங்க சித்தி. சித்திக்கு வலது தோள்பட்டை தூக்க வராது. கொடத்த இடுப்புல இருந்து தலைக்கு மேல ஏத்தோணும், அப்பத்தான் கம்பத்து உச்சியில இருந்து தண்ணி எறங்கும். ரெண்டு தடவை முயற்சி பண்ணிட்டு சித்தி கொடத்தோட அப்பிடியே நின்னுருச்சு. பொறத்தாண்ட வரிசை நகராம மொணங்குது. எங்கம்மா தன்னோட கொடத்த எங்கிட்டக் குடுத்துட்டு, சித்தி கொடத்துக்கு அடியில கையக் குடுத்துத் தூக்கிவிட்டுருச்சு. ரெண்டு பேரும் ஒரு பேச்சும் பேசல. ஊத்தி முடிச்சுட்டுத் திரும்பறப்ப சித்தி எம்மூஞ்சியப் பாத்து, எங்கம்மாவுக்குக் கேக்கற மாதிரி, "ஒங்கம்மாவ இந்தப் பக்கமா வரச் சொல்லு அம்மிணி, அங்க வழுக்குது"ன்னுச்சு.

நாங்க ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள சேதி எங்கப்பாவுக்குப் போயிருச்சு. ஆசாரத்துல ஒக்காந்துக்கிட்டு, "அவ கொடத்தத் தூக்கிவிட்டியாமா?"ன்னாரு. எங்கம்மா தலையத் தொவட்டிக்கிட்டே, "சாமிக்கு ஊத்தற தண்ணிக்கு எந்த மடைங்க?"ன்னுது. அவரு பேப்பரத் தூக்கிக்கிட்டாரு.

அதோட எல்லாரும் ஒண்ணாயிட்டாங்கன்னு நெனச்சுக்காதீங்க. அண்ணந்தம்பி ரெண்டு பேரும் இன்னைக்கும் எதுக்க எதுக்க வந்தா வேலியப் பாத்துக்கிட்டுத்தான் போறாங்க. ஆனா நோம்பிக்குச் சுட்ட ஒப்புட்டு (போளி) சின்னப் பசங்க கையில ரெண்டு ஊட்டுக்கும் போகுது, வருது. போன வருசம் எங்கப்பா நாலு தின்னுட்டு, "இனிப்பு சித்தெ எச்சு"ன்னாரு. யாரு சுட்டதுன்னு கேக்கல. எங்கம்மா தேங்கா ஒப்புட்டே சுடாதுங்க, எப்பவும் பருப்புதான். அது அவருக்குத் தெரியாம இருக்காது.

ஈரோட்டுல இருந்து:

அக்கா, எங்க டவுன்ல பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன்னு மூணு கோயிலுக்கும் கம்பம் உண்டு. புடுங்கற அன்னைக்கு மூணும் ஊர்வலமா வர்றப்ப சனம் உப்பும் மொளகும் வீசும். அதோட மஞ்ச நீரு. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, அத நாங்க அண்டாவுல கரைச்சு ரோட்டுல ஊத்திக்கிட்டு இருக்கறோம்.

நான் ஜவுளிக்கடையில வேலை. ஒரு வருசம் மஞ்ச நீரு அன்னைக்குப் பாத்து, டூவீலருக்கு டியூ வாங்க ஃபைனான்ஸ்ல இருந்து ஒரு பையன் வந்து நிக்கறான். வெள்ளைச் சட்டை, வெளியூரு, இந்த விவரம் ஒண்ணும் தெரியாது. ரெண்டு மாசத் தவணை பாக்கி. எங்கிட்டப் பேச வாயத் தெறந்தான், அதுக்குள்ள எங்க தெருப் பொம்பளைங்க ஒரு பக்கெட்ட அவன் தலையில கவுத்துட்டாங்க. ரசீது புஸ்தகம் வரைக்கும் நனைஞ்சு போச்சு. பாவம், அழுவற மாதிரி ஆயிட்டான். கூட்டிப் போயி என்னோட சட்டையக் குடுத்து, சோறு போட்டு அனுப்பிச்சேன். அடுத்த மாசம் சட்டையத் தொவச்சுத் தேச்சுக் கொண்டாந்து குடுத்துட்டு, அப்பறந்தான் மூணு மாசத் தவணை கேட்டான். அதுல ஒரு பைசா கொறைக்கலீங்க.

சத்தியில இருந்து:

எங்களுக்குப் பண்ணாரி மாரியம்மன். குண்டம் எறங்கறதுக்கு, அதான் தீ மிதிக்கறதுக்கு, முன்னால அம்மன் சப்பரம் ஊரு ஊரா வரும். வர்ற வழியில சனம் ரோட்டுல படுத்துக்கும், சப்பரம் அவங்களத் தாண்டிப் போகும். எனக்குப் பக்கத்துல துண்ட விரிச்சுக் குப்புறப் படுத்திருந்தது யாருன்னு நெனைக்கறீங்க? எட்டாவதுல என்னைய முட்டி போட வெச்ச கணக்கு வாத்தியாரு. "தலையத் தூக்காதடா"ன்னாரு. அப்பவும் அதட்டல்தான்.

திருப்பூர்ல இருந்து:

எங்களுக்கு லைன் ஊடு ஆறு இருக்குது. பனியன் கம்பெனிக்குப் போறவங்கதான் குடியிருக்கறாங்க. நாலுல தமிழ் ஆளுக, ரெண்டுல ஒடிசாக்காரங்க. அந்த ஒடிசாப் பொண்ணு வந்து ஒரு வருசத்துக்கு எங்கிட்டப் பேசுனதே "அக்கா, தண்ணி"தான். மோட்டரு போடச் சொல்லி.

நோம்பி சாட்டுன மூணாம் நாளு அவ கொழந்தைக்கு அம்மை போட்டிருச்சு. நாலு வயசுப் புள்ள. மத்த குடித்தனக்காரங்க வந்து எங்கிட்ட நின்னாங்க. "சாட்டியிருக்கற சமயம், அவுங்களுக்கு நம்ம மொறையெல்லாம் தெரியாது, தாளிப்பாங்க, மீன் ஆக்குவாங்க, ஆத்தாளுக்கு ஆகாது, ஒட்டுவாரொட்டி வேற, கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாச்சும் இருக்கச் சொல்லுங்க"ன்னு. நானும் என்ன சொல்றதுன்னு ரோசனை பண்ணிக்கிட்டே போனேன். போய்ப் பாத்தா, நெலவுல வேப்பந்தழை சொருகியிருக்குது. கொழந்தையச் சுத்தமான வெள்ளைத் துணியில போட்டு வேப்பங்கொத்தால தடவிக் குடுத்துக்கிட்டு இருக்கறா. அடுப்புல வெறும் கஞ்சி. சாமி படத்துக்கு முன்னால சொம்புல தண்ணி. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. "ஆரு சொல்லிக் குடுத்தாங்க?"ன்னு கையக் காட்டிக் கேட்டேன். "மா"ன்னா, மேல கையக் காட்டுனா. அவ புருசன் வந்து பொறவு வெவரம் சொன்னான். அவுங்க பக்கத்துல சீதளான்னு சொல்லுவாங்களாம். அம்மை வந்தா அவுங்களும் எண்ணெய் வெக்க மாட்டாங்க, வேம்புதான், குளுமைதான்.

பெரியம்மை நம்ம நாட்டுல ஒழிஞ்சு போச்சுன்னு 1977லயே சொல்லிட்டாங்க, இப்ப வர்றது சின்னம்மை. அதனால நான் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனேன், அவளும் தட்டாம வந்தா. மருந்தும் குடுத்தோம், வேப்பந்தழையும் வெச்சோம். எளநி வாங்கிக் குடுக்கறதுக்கு, மொதல்ல காலி பண்ணச் சொன்ன பொம்பளைங்களே முந்திக்கிட்டாங்க. தள்ளி வெக்கச் சொன்னவங்களும் அவுங்கதான், தாங்குனவங்களும் அவுங்கதான். நம்ம சனத்துக்கு ரெண்டும் வரும்.

கொழந்தைக்கு அம்மை எறங்கி மூணாந்தடவை தலைக்குத் தண்ணி ஊத்துன மறுநாளு அவ எங்கூடக் கம்பத்துக்கு வந்தா. கொடம் இல்ல, பிளாஸ்டிக் பக்கெட்டு. கோயில்ல ஒரு கெழவி, "பக்கெட்டுல ஊத்தக் கூடாது"ன்னு நிறுத்திருச்சு. இது எந்தச் சாஸ்திரத்துல இருக்குதுன்னு எனக்கு வந்த கோவம்! என்னோட பித்தளைச் சொம்ப எடுத்துக் குடுத்தேன். பக்கெட்டுல இருந்து மொண்டு மொண்டு அத்தனையும் ஊத்துனா. பொறத்தாண்ட நின்னவங்க எல்லாரும் அவ ஊத்தி முடிக்கற வரைக்கும் காத்திருந்தாங்க.

காங்கேயம் பக்கத்துல இருந்து:

எல்லாரும் நல்லாச் சொல்றீங்க. நானும் ஒண்ணு சொல்றேன். கம்பத்தாட்டத்துக்குத் தப்பட்டை அடிக்கறது எங்கப்பன். பதினஞ்சு ராத்திரியும். வைக்கோலப் பத்த வெச்சுத் தோலக் காய வெச்சு, தட்டிப் பாத்து, திரும்பக் காட்டி, சத்தம் கணீர்னு வந்ததுக்கப்பறந்தான் தோள்ல மாட்டும். அஞ்சாம் நாளைக்கெல்லாம் சிம்புக்குச்சி புடிக்கற வெரல்ல துணி சுத்தியிருக்கும். எங்கப்பன் அடியை மாத்துனாத்தான் ஆடறவங்க கால் மாறும். சுத்தி ஆடறவங்க வேத்து வழிய வழிய ஆடுவாங்க. ஆடற எடத்தச் சுத்திக் கட்டுன கயித்துக்கு இந்தப் பக்கந்தான் நாங்க. அடிக்கறவனுக்கு ஆட எடமில்லீங்க.

எங்கூடப் படிச்ச பையன் ஒருத்தன். இப்ப ரெண்டு பேரும் பெருந்துறை சிப்காட்ல ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட்டு. மத்தியானம் அவன் டிபன் பாக்ஸ்ல நான் கைய வெப்பேன், எம்பாக்ஸ்ல அவன். போன நோம்பியில அவன் ஆடிக்கிட்டு வந்து எங்கப்பனுக்கு முன்னால நின்னு, "இன்னும் வேகமா அடி"ன்னான். "அடிங்க"ன்னு கூட இல்ல. நான் பக்கத்துலதான் நின்னேன். என்னையப் பாத்தான், பாத்துட்டு ஆட்டத்துல திரும்பிக்கிட்டான். திங்கக்கெழமை கம்பெனியில டிபன் பாக்ஸ நீட்டுனான். நான் எடுத்துக்கல. "என்னடா?"ன்னான். "எங்கப்பனுக்கு எத்தனை வயசுன்னு தெரியுமா?"ன்னேன். அவ்வளவுதான் பேசிக்கிட்டோம். இந்த வருசம் எங்கப்பன் அடிக்காது, சொல்லிருச்சு. ஊர்ல கேரளாச் செண்டை மேளம் பேசியிருக்கறாங்களாம்.

கோபிப் பக்கத்துல இருந்து:

தம்பி, எங்கூர்லயும் அந்தக் கயிறு இருக்குது. வெடிய வெடிய அந்தச் சத்தத்துல நின்னு தண்ணி ஊத்தியிருக்கறோம், யாரு அடிக்கறாங்கன்னு யாரும் திரும்பிப் பாத்ததில்ல. நீங்க சொன்னத எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். "அந்தப் பையன் வந்து அவங்கப்பங்கிட்டச் சொல்லோணும், இவங்கிட்ட இல்ல"ன்னுது.

ஈரோட்டுல இருந்து:

செண்டை மேளத்துக்குக் கம்பத்தாட்டமா? அதுக்குக் கால் எப்பிடீங்க எறங்கும்? எங்க தெருவுல ஒரு வருசம் வெச்சுப் பாத்தாங்க. ஆடறவங்க எல்லாரும் நின்னுக்கிட்டு செல்போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க.

காங்கேயம் பக்கத்துல இருந்து:

அண்ணா, நீங்க சொன்னதுதான் நடந்திருக்குது. சாட்டி மூணாம் நாளே ஊர்க்காரங்க எங்க ஊட்டுக்கு வந்துட்டாங்க. செண்டைக்கு ஒரு அடி கூட ஆட முடியலையாம். எங்கப்பன் திண்ணையில ஒக்காந்து பேசுச்சு. போன வருசக் கூலிக்கு ரெண்டு மடங்கு, ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல அடிக்கறதில்ல, எங்க தெருப் பொம்பளைங்க கம்பத்துக்குத் தண்ணி ஊத்தோணும், கயிறு இருக்கக் கூடாது. கூலிக்கும் நேரத்துக்கும் ஒடனே சரின்னுட்டாங்க. மத்த ரெண்டுக்கும் "பேசிட்டுச் சொல்றோம்"னாங்க. "சொல்லிட்டு வாங்க, அப்பறம் தோலக் காய வெக்கறேன்"னு சொல்லி அனுப்பிருச்சு. டிபன் பாக்ஸ்காரனும் அந்தக் கூட்டத்துல வந்திருந்தான். எல்லாரும் போனதுக்கப்பறம் அவன் மட்டும் படலுகிட்ட நின்னான். நான் உள்ள போயிட்டேன். எங்கப்பனும் அவனும் கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க. என்ன பேசுனாங்கன்னு எங்கப்பன் இன்னும் சொல்லல.