டைனி கோர்: நிரல்களை ரேமில் ஏற்றுவதா, பென் டிரைவிலிருந்தே மவுண்ட் செய்வதா?

பெரம்பூர் மாலை வகுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெரம்பூரில் பள்ளி மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். எங்களிடம் 6 பழைய மேசைக் கணினிகள் உள்ளன. ஐந்தில் 1 ஜிபி ரேமும், ஒன்றில் 2 ஜிபி ரேமும் இருக்கின்றன. வன்தட்டுகள் பழுதாகிவிட்டதால் ஒவ்வொன்றிலும் ஒரு பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து டைனி கோர் லினக்ஸ் என்னும் மிகச் சிறிய இயங்குதளத்தை இயக்குகிறோம்.

சென்ற வாரம் ஒரு மாணவி அபிவேர்ட் என்னும் எழுதும் நிரலில் தமிழ்க் கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அருகில் வந்தமர்ந்த மாணவனின் புத்தகப்பை இடித்ததில் பென் டிரைவ் கழன்றுவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. நிரலும் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது. சுமார் பத்து நிமிடங்கள் கழித்துச் சேமிப்பதற்காக மெனுவைத் திறந்தபோது, சாளரம் சட்டென்று மூடிக்கொண்டது. இரண்டு பக்கக் கட்டுரை போய்விட்டது. அந்தப் பெண் அன்று மீண்டும் எழுத உட்காரவே இல்லை.

இது மீண்டும் நடக்கக் கூடாது என்பதற்காக, பென் டிரைவில் நிரல்கள் இருக்கும் டிசிஇ கோப்புறையில் காப்பி2எஃப்எஸ்.எஃப்எல்ஜி என்ற வெற்றுக் கோப்பை உருவாக்கி, எல்லா நீட்சிகளும் (டைனி கோரில் நிரல்கள் இப்படித் தனித்தனிக் கோப்புகளாக வரும்) தொடக்கத்திலேயே ரேமுக்குள் வந்துவிடும்படி செய்தேன். இப்போது பென் டிரைவைப் பிடுங்கினாலும் எதுவும் நிற்பதில்லை. ஆனால் கணினி எழுந்து நிற்க முன்பைவிட மிகுந்த நேரம் ஆகிறது. 1 ஜிபி கணினிகளில் உலாவியைத் திறந்து இரண்டு மூன்று தாவல்களுக்குப் போனால் சுட்டி கூட நகர்வதில்லை. 2 ஜிபி கணினியில் இந்தத் தொல்லை இல்லை. ரேம் வேகமானது, ஆகவே எல்லாவற்றையும் அதில் ஏற்றினால் வேகம் கூடும் என்றே நினைத்திருந்தேன். எங்கே தவறு செய்கிறேன்?

தாம்பரம் லினக்ஸ் எழுதியது:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் நினைத்தது பாதி சரி. ரேம் வேகமானதுதான். ஆனால் மவுண்ட் செய்யும் முறையிலும், அதாவது கோப்பைப் பென் டிரைவிலேயே விட்டு அங்கிருந்தே திறந்து இணைக்கும் முறையிலும், நிரல்கள் ரேமிலிருந்துதான் ஓடுகின்றன என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டைனி கோரின் ஒவ்வொரு நீட்சியும் டிசிஇசட் என முடியும் ஒரு கோப்பு; ஸ்குவாஷ்எஃப்எஸ் வடிவில் சுருக்கப்பட்ட, வாசிக்க மட்டுமே இயலும் ஒரு சிறிய கோப்பு முறைமை. இயல்பான முறையில் அது பென் டிரைவிலேயே இருக்கும். கணினி அதை /டிஎம்பி/டிசிலூப் என்னும் இடத்தில் மவுண்ட் செய்து, உள்ளிருக்கும் கோப்புகளுக்கு இணைப்புகளை மட்டும் ரேமில் உருவாக்குகிறது. அபிவேர்டைத் திறந்தால், அப்போதைக்குத் தேவைப்படும் பக்கங்களை (கோப்பின் சிறு துண்டுகளை) மட்டும் இயங்குதளத்தின் மையமான கர்னல் வாசித்து, விரித்து, ரேமில் பேஜ் கேஷ் எனப்படும் பகுதியில் வைத்துக்கொள்கிறது. இரண்டாம் முறை திறக்கும்போது விரைவாக வருவதற்கு அதுவே காரணம். நினைவகத்துக்கு நெருக்கடி வந்தால், அந்தப் பக்கங்களைக் கர்னல் தயங்காமல் தூக்கி எறிந்துவிடும். வேண்டும்போது மூலக் கோப்பிலிருந்து மறுபடியும் வாசித்துக்கொள்ள முடியும் அல்லவா?

நீங்கள் கொடியை, அதாவது அந்த எஃப்எல்ஜி கோப்பை, வைத்தபின் நடப்பது வேறு. ஒவ்வொரு நீட்சியும் முழுவதுமாக விரிக்கப்பட்டு, டிஎம்பிஎஃப்எஸ் என்னும் ரேம் கோப்பு முறைமையில் நகலெடுக்கப்படுகிறது. சுருக்கம் நீங்குவதால் கோப்பின் அளவு பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்காகிறது. மாணவர்கள் ஒருநாளும் தொடாத கோப்புகளும் அதோடு வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மூலக் கோப்பு என்று ஒன்று பின்னணியில் இல்லாததால், இந்தப் பக்கங்களைக் கர்னலால் எறிய இயலாது. ரேம் போதாதபோது உதவும் மாற்றிடமான ஸ்வாப்புக்கு மட்டுமே தள்ள முடியும். உங்கள் கணினிகளில் வன்தட்டு இல்லை. டைனி கோர் இயல்பாகவே அமைத்துக்கொள்ளும், பக்கங்களைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் ஸ்வாப்பும் அதே ரேமுக்குள்தான் இருக்கிறது. ஆகவே விரித்து வைத்ததையே கர்னல் மீண்டும் சுருக்கி வைக்க முயல்கிறது, அந்த வேலையில் பழைய செயலி மூச்சுத் திணறுகிறது. உங்கள் சுட்டி உறைந்ததற்கு இதுவே காரணமாக இருக்கும்.

மாணவியின் கட்டுரைக்கு நேர்ந்ததையும் இப்போது விளக்கலாம். பென் டிரைவ் கழன்ற பிறகும் அவர் பயன்படுத்திய பகுதிகள் பேஜ் கேஷில் இருந்தன. அதனால் தட்டச்சு நிற்கவில்லை. சேமிக்கும் சாளரத்துக்குரிய பக்கங்கள் அதுவரை வாசிக்கப்படவே இல்லை. அவற்றைத் தேடிப் போன கர்னலுக்குப் பென் டிரைவ் கிடைக்காததால், நிரலுக்கு பஸ் எரர் என்னும் பிழைச் சமிக்ஞையை அனுப்பி அதை முடித்துவிட்டது.

எல்லாவற்றையும் ஏற்றுவதற்கும் எதையும் ஏற்றாமல் விடுவதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. கொடிக் கோப்பை அழித்துவிட்டு, அதே இடத்தில் காப்பி2எஃப்எஸ்.எல்எஸ்டி என்ற கோப்பை உருவாக்கி, எந்த நீட்சிகள் ரேமில் இருக்க வேண்டுமோ அவற்றின் பெயர்களை மட்டும் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். அபிவேர்ட் அதில் இருக்கட்டும், உலாவி வேண்டாம். உலாவி இடையில் நின்றால் மறுபடியும் திறந்துகொள்ளலாம், கட்டுரையை அப்படித் திரும்பப் பெற முடியாது.

ரிச்சி தெரு பழுதுநீக்குநர் எழுதியது:

மேலே நண்பர் எழுதிய விளக்கம் சரியானதே. 2 ஜிபி கணினியில் மட்டும் உங்கள் கொடியை அப்படியே விட்டுவிடுங்கள். இடம் இருக்கும்போது எல்லாவற்றையும் ரேமில் வைத்துக்கொள்வதில் குறையொன்றுமில்லை.

ஆனால் பை இடிக்கும் இடத்தில் பென் டிரைவ் ஏன் இருக்க வேண்டும்? முன்பக்கத் துளைகள் பழைய பெட்டிகளில் பெரும்பாலும் தளர்ந்துபோயிருக்கும். பின்பக்கம், மதர்போர்டிலேயே அமைந்த துளையில், விரல் நகமளவே வெளியே தெரியும் குட்டி டிரைவைச் செருகுங்கள். ரேமுக்கும் இங்கே ஒரு முறை வந்து பாருங்கள். பழைய டிடிஆர்2 ரேம் துண்டுகள் இரண்டாம் கையில் கிடைக்கின்றன. வரும்போது இப்போதிருக்கும் துண்டு ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுவாருங்கள்.

மின்வெட்டையும் மறக்க வேண்டாம். மின்சாரம் போனால் ஏற்றினாலும் மவுண்ட் செய்தாலும் ரேமில் உள்ள கட்டுரை போய்விடும். டைனி கோர் தானாகக் காப்புப் பிரதி எடுப்பது, முறைப்படி அணைக்கும்போது மட்டுமே. பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையைப் பென் டிரைவிலேயே நிலையாக வைக்கும்படி தொடக்கக் கட்டளையில் ஹோம்= என்று குறிப்பிடுங்கள்.

பப்பி பயனர் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. பப்பி லினக்ஸ் என்னும் இன்னொரு சிறிய இயங்குதளத்தில் ரேமில் ஏற்றுவது என்றால் பொருள் வேறு. அங்கே எஸ்எஃப்எஸ் எனப்படும் சுருக்கிய கோப்பு விரிக்கப்படாமல், சுருக்கிய வடிவிலேயே ரேமுக்கு நகலெடுக்கப்பட்டு, அங்கிருந்து மவுண்ட் ஆகிறது. ஆகவே பிடிக்கும் இடம் குறைவு. ஓடும் பக்கங்கள் மட்டும் பேஜ் கேஷில் விரிந்த வடிவில் இன்னொரு முறை இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து ரேம் அளவை ஒப்பிட வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பெரம்பூர் மாலை வகுப்பு எழுதியது:

மூவருக்கும் நன்றி. பட்டியல் கோப்பில் அபிவேர்டின் பெயரை மட்டும் எழுதிச் சோதித்தேன். உலாவி இப்போது முன்போல ஓடுகிறது. ஆனால் பென் டிரைவைக் கழற்றிவிட்டு அபிவேர்டில் சேமிக்க முயன்றால், அன்று நடந்ததைப் போலவே சாளரம் மூடிக்கொள்கிறது. பட்டியலை அது படிக்கவில்லையா, ஐயா?

தாம்பரம் லினக்ஸ் எழுதியது:

படித்திருக்கிறது. சேமிக்கும் சாளரத்தைத் திரையில் வரைவது அபிவேர்ட் அல்ல, ஜிடிகே என்னும் நூலகம். அது தனி நீட்சி. உங்கள் பட்டியலில் அதன் பெயர் இல்லாததால் இன்னும் பென் டிரைவிலிருந்தே மவுண்ட் ஆகிறது. சார்பு நீட்சிகள், அதாவது ஒரு நீட்சி இயங்கத் தேவைப்படும் மற்ற நீட்சிகள், தாமாகப் பட்டியலில் சேர்வதில்லை. இதை முதலிலேயே சொல்லாதது என் பிழை, பொறுத்துக்கொள்ளுங்கள். அபிவேர்ட் கோப்பின் அருகில் டெப் என முடியும் ஒரு கோப்பு இருக்கும். அதிலுள்ள பெயர்களையும், அவை ஒவ்வொன்றின் டெப் கோப்பில் உள்ளவற்றையும் பட்டியலில் சேர்த்துக் கணினியை மறுபடி தொடங்குங்கள். பிறகு மவுண்ட் என்ற கட்டளையை இட்டுப் பாருங்கள். அபிவேர்டுக்கு வேண்டிய எதுவும் டிசிலூப் வரிகளில் தென்படாதிருந்தால், பென் டிரைவைக் கழற்றிச் சோதிக்கலாம்.

பெரம்பூர் மாலை வகுப்பு எழுதியது:

அப்படியே செய்தேன். பென் டிரைவை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு, ஒரு பக்கம் தட்டச்சு செய்து சேமித்தேன். சாளரம் திறந்தது, கோப்பு ரேமில் சேமிக்கப்பட்டது. வகுப்பில் பயன்படுத்தும்போது டிரைவ் பின்பக்கத் துளையில் இருக்கும், ஹோம் கோப்புறையும் அதிலேயே. நாளை மற்ற நான்கு கணினிகளுக்கும் இதே பட்டியலை நகலெடுக்கிறேன்.